வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி: மருந்தடிக்கும் செலவு யாருடையது?

மதுரையில் ஒரே வளவுக்குள் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருப்போர், மூட்டைப்பூச்சி தென்பட்டதும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது வாடகை ஒப்பந்தத்தைத்தான். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வெள்ளையடிப்பது போன்ற வேலைகளை வீட்டு உரிமையாளரிடமும், குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைக் குடியிருப்பவரிடமும் ஒப்படைக்கிறது. மூட்டைப்பூச்சிக்கு அந்தப் பட்டியலில் தனி இடமில்லை என்பதால், ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது.

குடிவந்த சில நாள்களிலேயே சுவர் வெடிப்பிலும் நிலைக்கதவு இடுக்கிலும் பூச்சியோ கரும்புள்ளிக் கறையோ தெரிந்தால், உடனே படமெடுத்து, வாட்ஸ்அப்பிலாவது உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வீடு பூட்டிக் கிடந்ததால் பூச்சி இருந்திருக்காது என்று உரிமையாளர் சொல்வது பதிலாகாது. இரத்தமின்றியே இப்பூச்சி பல மாதங்கள் உயிர்வாழும். பழைய கட்டிலோ மெத்தையோ வாங்கி வந்த பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், செலவைக் குடியிருப்பவர் ஏற்பதே முறை. (பாதி விலைக்குக் கட்டில் வாங்கிய மகிழ்ச்சி பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது.)

வளவு வீடுகளில் யார் கொண்டுவந்தது என்று தீர்ப்புச் சொல்வது கடினம். ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால், சுவர் விரிசல் வழியாகவும் மின்கம்பிக் குழாய் வழியாகவும் பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போய்விடக்கூடும் என்பதால், உரிமையாளரே எல்லா வீடுகளுக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்வதுதான் சரியென்பது என் கருத்து. துணிகளைக் கொதிநீரில் நனைத்துத் துவைப்பதும், கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கி வைப்பதும் குடியிருப்பவரின் வேலை. முட்டைகள் பெரும்பாலும் மருந்துக்குத் தப்பிவிடுவதால், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டாம் தவணையின் தொகையையும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.