மழை விட்டதும் கங்காரு பார்க்கப் போவது எப்படி?

மெல்பர்னில் ஒரே நாளில் நான்கு பருவமும் வந்து போகும் என்பார்கள். வானம் மூடியிருக்கிறதே என்று காலை நடையைத் தள்ளிப்போடாதீர்கள். நான் நிறைய விலங்குகளைப் பார்த்தது மழை விட்ட அரைமணி நேரத்தில்தான். டெம்பிள்ஸ்டோவில் யார்ரா ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்டர்ஃபோல்ட்ஸ் பூங்காவை வைத்துச் சொல்கிறேன்.

1. முதல் நாள் இரவு

ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் செயலியில் மழை ரேடாரையும் காற்றையும் பாருங்கள். வடக்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசும் காற்று, குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடந்ததும் தென்மேற்காகத் திரும்பிவிடும். சட்டென்று குளிரும், தூறல் விட்டுவிட்டு வரும். தூறல் என்றால் தாராளமாகப் போகலாம். பலத்த காற்று என்றால் வேண்டவே வேண்டாம், யூகலிப்டஸ் மரங்கள் பெரிய பெரிய கிளைகளை முறித்துப் போடும்.

2. உடை

மெல்லிய சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே மழைக்கோட்டு. குடை வேண்டாம், விரித்தால் விலங்குகள் மிரளும். மூடிய ஷூ கட்டாயம். கோடையில் மழைக்குப் பின் வெயில் அடித்தால் பாம்புகள் பாதையில் வந்து படுத்திருக்கும்.

3. புல்வெளியில் கங்காரு

விடியும்போதே போய்விடுங்கள். இங்கே இருப்பவை கிழக்குச் சாம்பல் கங்காருகள். மப்பும் குளிருமாக இருந்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் மேயும். நேராக அதை நோக்கி நடக்காமல், வேறெங்கோ போவதுபோல ஒதுங்கி நடங்கள். தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்ததா? அதுதான் எல்லை, அங்கேயே நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி குனிந்து மேயத் தொடங்கும். அப்போது வாலைக் கவனியுங்கள். மெதுவாக நகரும்போது வாலை ஐந்தாவது காலாக ஊன்றி உடம்பைத் தள்ளும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் குளிரையே மறந்துவிட்டேன். தாயின் பையிலிருந்து குட்டி எட்டிப் பார்த்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். ரொட்டி, பிஸ்கட் எதுவும் போடாதீர்கள்.

4. ஈர மண்ணில் எக்கிட்னா

எக்கிட்னா என்பது உடம்பில் முள் உள்ள, எறும்பு தின்னும் சிறு விலங்கு. எறும்புப் புற்றைச் சுற்றி மண் புதிதாகக் கிளறியிருந்தால் அக்கம்பக்கம் தேடுங்கள். உங்களைக் கண்டதும் மண்ணுக்குள் புதைந்து முள்ளை மட்டும் காட்டும். தொடாமல், அசையாமல் காத்திருந்தால் மூக்கு மெல்ல வெளியே வரும்.

5. ஆற்றில் பிளாட்டிபஸ்

பிளாட்டிபஸ் என்பது வாத்துபோல அலகுள்ள, நீரில் இரை தேடும் பாலூட்டி. காற்று அடித்தால் நீர் அலையும், எதுவும் தெரியாது. காற்று ஓய்ந்த வேளையில், கரை விளிம்புக்குப் போகாமல், நீரில் வட்ட வட்டமாக அலை கிளம்புகிறதா என்று பாருங்கள். பிளாட்டிபஸ் என்றால் பத்து விநாடிபோல மேலே மிதந்துவிட்டு மூழ்கும். வால் நுனி வெள்ளையாக இருந்தால் அது ரகாலி என்னும் நீரெலி. அதுவும் இந்த மண்ணின் உயிர்தான், நின்று பாருங்கள்.

6. கடைசியாக, மேலே

உடைந்த கிளைபோல இருப்பதெல்லாம் கிளையல்ல, தவளைவாயன் என்னும் பறவையாக இருக்கலாம். மஞ்சள்வால் கறுப்புக் காக்கட்டூக் கிளிகள் ஓலமிட்டுப் பறந்தால் மழை வரும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நான் மழைக்கோட்டின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசிப் பறவை மறையும்வரை நிற்பேன்.