மணற்காடு முதல் சுண்டிக்குளம் வரை: மணலில் நடக்கத் தெரிந்துகொள்ள

யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்க மலை கிடையாது. ஆனாலும் வடமராட்சி கிழக்குக் கரையில் ஒன்றரை மணித்தியாலம் நடந்தவருக்கு அடுத்த நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கால் புதையும் மணலில் நடக்க, தார் வீதியில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஆகவே இந்தக் கரையில் தூரத்தைக் கிலோமீற்றரில் கணக்குப் பார்க்க வேண்டாம், நேரத்தில் பாருங்கள். முதல் தடவை போகிறவர்கள் இருபத்தைந்து நிமிடம் போய்த் திரும்பினால் போதும். போகும்போது வராத களைப்பு திரும்பும்போதுதான் வரும்.

தை தொடக்கம் பங்குனி வரை நல்ல காலம். மாரி மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் போயிருக்கா. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேல் காற்று பிடித்தால் மணல் முகத்தில் அடிக்கும்; கண்ணாடி இல்லாமல் மேட்டில் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கடலும் வானமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்கு மணலில் கால் வைத்து, எட்டரைக்கு வெளியே வந்துவிடுவது நல்லது. பத்து மணி வெயிலில் அந்த மணலை வெறுங்காலால் மிதித்தால் தோல் வெந்துவிடும். பின்னேரம் என்றால் நாலரைக்குத் தொடங்கி, இருட்டு முன் வீதிக்கு ஏறிவிடுங்கள்.

பாதணிதான் பலர் பிழை விடுகிற இடம். ரப்பர் செருப்பு ஒவ்வொரு அடியிலும் குதிக்காலுக்கு மணலை வாரி எறியும். வார் வைத்த சாண்டல் என்றால் வாருக்கும் தோலுக்கும் நடுவில் மணல் புகுந்து, அரை மணித்தியாலத்தில் கொப்புளம் போடும். வலைத்துணி வைத்த ஓட்டச் சப்பாத்து காற்றோட்டமாக இருக்கும், ஆனால் நுண்மணலை உள்ளே விட்டுவிடும். மூடிய கன்வஸ் சப்பாத்தும், கணுக்காலுக்கு மேல் ஏறும் மேசும் போடுங்கள். பழைய மேசு ஒன்றின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய குழாயைச் சப்பாத்தின் வாயை மூடுகிற மாதிரி மேலே இழுத்துவிட்டால் மணல் உள்ளே போகாது. காசு செலவில்லாத வேலை.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். வழியில் கிணறு கண்டாலும் நம்ப வேண்டாம், கரையோரக் கிணறுகளில் உவர் அதிகம். ஒரு போத்தலுக்குள் பாதித் தேசிக்காயைப் பிழிந்து, இரண்டு விரலால் கிள்ளிய உப்பும் போட்டுக்கொள்ளுங்கள். கடிக்கப் பனங்கட்டியும் கச்சானும் போதும்.

மணற்காட்டுக்குப் போக, யாழ்ப்பாணத்திலிருந்து 750 ஆம் இலக்க பஸ்ஸில் பருத்தித்துறைக்கு வந்து, அங்கிருந்து மருதங்கேணி வீதியால் ஓட்டோ பிடிக்கலாம். வல்லிபுரக் கோவில் பக்கம் தாண்டிய பிறகு இடப்பக்கம் கடலுக்கு இறங்கும் பாதை. திரும்பி வரவும் அதே ஓட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலை வேளையில் அங்கே நின்று கை காட்டினால் வாகனம் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

நடையை மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களில் தொடங்குவது வசதி. அவற்றில் ஏற வேண்டாம். உப்புக் காற்று தின்ற கல், பிடித்த கையோடு கழன்று வரும். அங்கிருந்து மேட்டுக்கு ஏறும் முன் மணலில் விழுந்திருக்கும் வரிகளைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து. செங்குத்தான பக்கம், காற்று எந்தத் திசைக்குப் போனதோ அந்தத் திசையைப் பார்க்கும். பெரிய மேடும் இதே வடிவந்தான். காற்று வந்து மோதும் சாய்வில் மணல் இறுகியிருக்கும், அதால் ஏறுங்கள். மறுபக்கம் சரிவு முப்பது பாகைக்கு மேல். ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே வழுக்கும். அதை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஏறும்போது நேரே போகாமல் குறுக்குமறுக்காக, சிறிய அடியாக, பாதம் முழுவதும் படிய வையுங்கள். விரல் நுனியால் உந்தினால் குழிதான் விழும்.

மேட்டில் பச்சையாகப் படர்ந்திருப்பது அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று சொல்லுவார்களே, அதே கொடிதான். அந்த மிடுக்கில்தான் மணலும் நிற்கிறது. பக்கத்தில் பந்து பந்தாக நிற்கும் இராவணன் மீசைப் புல்லின் நுனி ஊசி மாதிரிக் குத்தி, தோலுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும். இரண்டையும் சுற்றிப் போங்கள். ஒரே இடத்தில் பத்துப் பேர் கொடியை மிதித்து வழி ஆக்கினால், அடுத்த சோளகம் அந்த வாய்க்காலால் புகுந்து மேட்டையே தோண்டிவிடும். மணல் அள்ளிய கிடங்குகளின் விளிம்பிலும் நிற்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும், கீழே வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் குதித்து விளையாடும் இடமே அல்ல.

கடற்கரைக்கு இறங்கியதும் திரும்பி நின்று, வந்த வழியைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். கரையிலிருந்து பார்த்தால் எல்லா மேடும் ஒரே மேடுதான். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடக்கைப் பக்கம், திரும்பும்போது வலக்கைப் பக்கம். அலை இப்போதுதான் நனைத்துவிட்டுப் போன ஈரமணல் பட்டையில் நடங்கள், அதுதான் இங்கே தார் வீதி. அந்தப் பட்டை கடலுக்குச் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். முழங்கால் வலித்தால் காரணம் அதுவே. போன வழியாலேயே திரும்பினால் மற்றக் காலுக்கும் பங்கு கிடைத்துச் சமனாகிவிடும்.

கரைவலை இழுக்கிற நேரம் என்றால் கயிற்றைத் தாண்டக் கூடாது. தளர்ந்து கிடக்கும் கயிறு, அலை இழுத்த மாத்திரத்தில் முழங்கால் உயரத்துக்கு விறைத்து எழும்பும். "அண்ணை, எந்தப் பக்கத்தால போறது?" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பெரும்பாலும் கரைப் பக்கம், இழுப்பவர்களுக்குப் பின்னாலேதான். குளிக்க ஆசை வந்தால் அவர்களிடமே கேளுங்கள், கடலின் இழுவை அவர்களுக்குத் தெரியும்.

திரும்பும்போது சவுக்கங்காட்டால் வரலாம், நிழல். வரிசை வரிசையாக நட்ட மரங்கள் என்பதால் திசை குழம்பும். அலைச் சத்தத்தை ஒரு காதில் வைத்துக்கொண்டு நடந்தால் சரி. கீழே விழுந்த சவுக்குச் சருகு வழுக்கும், பொறி பட்டால் உடனே பற்றும். அங்கே தேத்தண்ணி வைக்க அடுப்பு மூட்டுவது மடைத்தனம்.

நாகர்கோவில் பக்கம் தொடங்கித் தெற்கே போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அது போர் முன்னரங்காக இருந்த நிலம். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால், வந்த அடிச்சுவட்டாலேயே திரும்புங்கள். மழை கழுவி வெளியே தள்ளிய இரும்பு எதுவானாலும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

சுண்டிக்குளம் வேறு மாதிரி. 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவான இடம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. முதலில் அவர்களிடம் போய், எதுவரை நடக்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். முதலை உள்ள நீர் என்பதால் கால் நனைக்கும் யோசனையே வேண்டாம்.

அங்கே ஆளைப் பிடிப்பது களப்புச் சேறு. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, காய்ந்த மாதிரித் தெரியும், கீழே களி. உமிரிச் செடி முளைத்திருக்கும் இடம் பெரும்பாலும் ஆளைத் தாங்கும். பாளம் பாளமாக வெடித்த சாம்பல் நிறமும் பரவாயில்லை. கறுத்து மினுங்கினால் விலகுங்கள். கால் புதைந்துவிட்டால் மற்றக் காலை ஊன்றி இழுக்கக் கூடாது, அதுவும் போய்விடும். பின்பக்கம் சாய்ந்து இருந்து, புதைந்த காலை மெல்ல ஆட்டி ஆட்டி நீர் புக விட்டால் பிடி தளரும். சப்பாத்து உள்ளே நின்றுவிட்டால் நிற்கட்டும்.

பறவை பார்க்க, காலையில் கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். பூநாரைக் கூட்டம் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் போதிய தூரத்தில் நிற்கிறீர்கள். தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிரத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நின்று, இரண்டு அடி பின்னால் வையுங்கள். பறக்க வைத்துப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வலசை வந்த பறவை தின்று சேர்த்த கொழுப்பை வீணாக எரிக்க வைப்பதுதான் அது.

மேடு, சேறு இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு நெடுந்தீவு. குறிகாட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். நிலம் தட்டை, கால் புதையாது, ஆனால் முருகைக்கல் மெல்லிய செருப்பை அறுக்கும், நிழலும் அரிது. தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைத் துரத்தவோ தீன் காட்டி அழைக்கவோ வேண்டாம். இறங்கியதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டு வையுங்கள்.

பாம்பு என்றால் இந்த மணல் நிலத்தில் சுருட்டை விரியனைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் வெளியே வரும், மணல் நிறமாகவே இருக்கும். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. ஆளை நடக்க விடாமல், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்; மணற்காட்டுப் பக்கம் என்றால் மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அழைக்கும்போது "கடற்கரை" என்று சொன்னால் வாகனம் தேடித் திரியும். ஊர்ப் பெயரையும் பக்கத்துக் கோவிலையும் சொல்லி, ஒருவரை வீதி முகப்பில் நிறுத்துங்கள்.