குமரி மாவட்டத்துப் பெரிய கட்டுமானத் தளங்களில் கூலித் தகராறையும் காலதாமதத்தையும் கையாளும் முறை

தளத்தில் வேலை நின்றதற்கு எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும், விசாரித்தால் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரரிடம் கொடுத்த பணம் கொத்தனாருக்கும் கையாளுக்கும் போய்ச் சேராமல் இடையில் தங்கியிருக்கும். எனவே வாரந்தோறும் வருகைப் பதிவேட்டைக் கூலிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பணம் அவரவர் வங்கிக் கணக்கில் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்த பில்லை அனுமதியுங்கள். ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர், அதைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. ‘அவர்கள் என் ஆட்கள் அல்ல’ என்ற பதில் அங்கே எடுபடாது.

கான்கிரீட் வார்ப்பு நாளுக்கு முன்தினமே பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். பாதியில் நின்ற கான்கிரீட் இறுகியபின் மீதியை இட்டால், அந்த இணைப்பு பலவீனமாகி நீர் கசியும் என்பது தொழிலாளர்களுக்கும் தெரியும். அந்த நாளைப் பார்த்துக் கேட்கிறார்களே என்று நொந்துகொள்வதில் பொருளில்லை. அதற்கு முன் கேட்டபோது யாரும் காதுகொடுத்திருக்க மாட்டார்கள். சிமெண்டும் கம்பியும் இறக்குவதற்கான கூலியையும் முதல் லாரி வருமுன் சுமைத் தொழிலாளர்களுடன் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பேசித் தீராதபோது தொழிலாளர் துறையின் சமரச அலுவலரை அணுகத் தயங்க வேண்டாம். தனியாகச் செய்துகொள்ளும் உடன்பாடு அதில் சேர்ந்த தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச நடவடிக்கையில் ஏற்படும் உடன்பாடோ பின்னர் வேலைக்குச் சேர்பவர்களையும் கட்டுப்படுத்தும். ஆட்கள் அடிக்கடி மாறும் தளத்துக்கு இதுவே ஏற்றது.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், மண்வேலையையும் அடித்தளத்தையும் ஜனவரி முதல் மே வரை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை ஆகிய நாட்களில் உள்ளூர் ஆட்கள் குறைவார்கள். சத் பூஜைக்குப் பீகார்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். இவற்றை முதல் அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

தினசரிப் பதிவேட்டில் மழை, கல்லும் எம்.சாண்டும் வராதது, வரைபடத் தாமதம், ஆள் நிறுத்தம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, கால நீட்டிப்புக் கடிதத்தை ஒப்பந்தம் குறிப்பிடும் கெடுவுக்குள் கொடுங்கள். கூலிப் பாக்கியால் நின்ற நாளை மழைக் கணக்கில் எழுதினால், உண்மையாகவே மழை பெய்த நாட்களையும் பொறியாளர் ஏற்க மறுப்பார்.