ராத்திரி போனை நடந்துகொண்டே பேசுங்கள்

இரவுச் சாப்பாடு முடிந்து அம்மாவுக்கோ நண்பருக்கோ போன் போடுகிற வழக்கம் இருந்தால், மொட்டை மாடியில் 15 நிமிடம் மெதுவாக நடந்துகொண்டே பேசுங்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம் அது. நடக்கும்போது கால் தசைகள் அந்தச் சர்க்கரையை இழுத்துச் செலவழிப்பதால் ஏற்றம் மட்டுப்படுகிறது. உறவுக்கு ஒரு நேரம், உடற்பயிற்சிக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. வேக நடை வேண்டாம். மூச்சு வாங்கினால் எதிர்முனையில் பயந்துவிடுவார்கள்.

வண்டி ஓடும் தெருவில் இது சரிப்படாது. இன்சுலின் போடுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், பணத் தகராறு மாதிரி சூடான பேச்சென்றால் பகலிலேயே முடித்துவிடுங்கள். ராத்திரி பேசினால் தூக்கம் போய்விடும்.