லாரமி கோட்டையில் பேய் தேடப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருக்கிற லாரமி கோட்டைக்குப் போய் அந்தப் புகழ்பெற்ற பச்சை உடைப் பெண்ணின் ஆவியைத் தேடப் போகிறீர்களா? முதலில் கோட்டை எத்தனை முறை உருமாறியது என்று தெரிந்துகொள்ளுங்கள். கதையில் வருவது ஒரு கோட்டை, நீங்கள் பார்க்கப்போவது வேறொரு கோட்டை.

1834-இல் விலங்குத் தோல் வியாபாரிகள் மரத்தால் கட்டினார்கள், 1841-இல் அதற்குப் பதிலாக மண்செங்கல் கோட்டை வந்தது, 1849-இல் ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கியது, 1890-இல் கைவிட்டுப் போனது. இப்போது நிற்பவை ராணுவக் காலத்துக் கட்டடங்கள்.

இனி கதை. வியாபாரக் காலத்தில் கோட்டை அதிகாரியின் மகள், அப்பா தடுத்தும் கேட்காமல் பச்சை உடையில் கருப்புக் குதிரையேறித் தனியாகப் போனாள், திரும்பவே இல்லை, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறாள் என்பார்கள். 1871-இல் அலிசன் என்ற ராணுவ அதிகாரி அவளைப் பார்த்ததாகச் சொல்வதும் கதையின் பகுதிதான். அந்த ஆண்டிலிருந்து ஏழு ஏழாகக் கூட்டினால் 2025 வருகிறது, அடுத்தது 2032. கணக்குப் போட்டுப் பயணத்தைத் திட்டமிட ஆசையிருந்தால் போடுங்கள், ஆனால் கட்டடங்களுக்குள் தேடாதீர்கள். அவள் காலத்து மண்கோட்டை இடிந்து மறைந்தாகிவிட்டது, கதையே அவளை வெளியே பாதையில்தான் காட்டுகிறது. பக்கத்து ஊரான கெர்ன்சிக்குப் போனால் மேற்கே குடியேறப் போனவர்களின் ஆரிகன் பாதையில் போன வண்டிச் சக்கரங்கள் பாறையைத் தேய்த்து உண்டாக்கிய ஆழமான தடங்களைப் பார்க்கலாம், அதற்கு எந்தப் பேயும் தேவையில்லை.

கோட்டைக்குள் 'ஓல்ட் பெட்லாம்' முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1849-இல் கட்டத் தொடங்கிய அதிகாரிகள் விடுதி அது. 1866 கிறிஸ்துமஸ் இரவு இங்கே நடனம் நடந்துகொண்டிருந்தபோது, ஃபில் கியர்னி என்ற இன்னொரு ராணுவக் கோட்டைக்கு அருகே பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் ராணுவத் தரப்பில் 81 பேர் கொல்லப்பட்ட செய்தியோடு போர்ச்சுகீ ஃபிலிப்ஸ் என்பவர் பனியில் குதிரையேறி வந்து சேர்ந்தார். என்னைக் கேட்டால், பச்சை உடைக்காரியைவிட இதுதான் உடம்பைச் சில்லிட வைக்கும்.

அப்புறம், அதே 1866-இல் லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் ஸ்பாட்டட் டெயிலின் இளம் மகள் இறந்தாள். கோட்டையருகே தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவள் விருப்பம், ராணுவமும் மரியாதையோடு சடங்கில் கலந்துகொண்டது. ஆவிக் கதை பேசுகிறவர்கள் பலரும் இந்த உண்மைப் பெண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நீங்கள் அவளைப் பற்றிக் கேளுங்கள்.

இது தேசியப் பூங்காத் துறையின் இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டுபோகாதீர்கள், தரையில் கிடக்கும் பழைய ஆணியைக்கூட எடுக்கக் கூடாது, இரண்டுமே சட்டப்படி குற்றம்.