ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் போகிறதா? கோளாறு வரும் நேரத்தில் பிடிப்பது எப்படி

என்னுடையது 2004 மாடல், நான்கு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை) பெட்ரோல் கார். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் திடீரென இழுவை போய்விடும். ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்தாலும் வேகம் 70-லிருந்து 40-க்கு இறங்கும், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நின்றால் போதும், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே கோளாறே வராது. நான்கு மாதத்தில் பிளக், பிளக் ஒயர், கடைசியில் புது பெட்ரோல் பம்ப் என்று மாற்றியும் தீரவில்லை. பிறகு நானே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். இதே தொல்லை உள்ளவர்களுக்காக அந்த வழியை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு

ஒவ்வொரு முறை கோளாறு வரும்போதும் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள். வண்டி கிளம்பி எத்தனை நிமிடம் ஆனது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, ஏற்றமா சமதரையா, இழுவை எப்படிப் போனது. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். வெட்டி வெட்டி, சுவிட்சை அணைத்துப் போட்டது போல ஜெர்க் அடித்தால் பெரும்பாலும் இக்னிஷன் பக்கம். அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் கருவி) மேல் சந்தேகம் வைக்கலாம். ஜெர்க் இல்லாமல், கையால் பிடித்து இழுப்பது போல மெதுவாக மூச்சு வாங்கினால் பெட்ரோல் குறைகிறது அல்லது சைலன்சர் வழி அடைத்திருக்கிறது. என்னுடையது இந்த இரண்டாம் வகை.

சீக்கிரம் முடிகிற சோதனைகள்

ஏர் ஃபில்டர், ஃப்யூயல் ஃபில்டர், வேக்குவம் குழாய்களில் விரிசல் ஆகியவற்றை எல்லோருமே பார்த்துவிடுவீர்கள். கூடவே ஒன்று: கோளாறு வந்ததும் நிறுத்தி பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று "உஸ்" என்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. காசு செலவில்லாத சோதனை.

பெட்ரோல் பிரஷர்: நான் சறுக்கிய இடம்

ஃபில்டருக்கும் இன்ஜெக்டர் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய்) நடுவில் 'T' வடிவ இணைப்பு போட்டு பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். லைனைக் கழற்றும் முன், நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜின் ஓடும்போதே பம்ப் ரிலேயைப் பிடுங்குங்கள், இன்ஜின் தானாக நின்றுவிடும். லைனில் இருக்கும் பிரஷரும் இறங்கிவிடும். லைனைக் கழற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

என் வண்டிக்கு ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) பிரஷர் 2.5 பார், பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3 பார் வர வேண்டும். அப்படியே வந்தது. "பிரஷர் சரி" என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். அங்கேதான் தப்பு. ஐடிலில் இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் மிகக் குறைவு. தளர்ந்த பம்ப்கூட அதைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில், முழு ஆக்ஸிலேட்டரில்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே கேஜோடு சாலைக்குப் போக வேண்டும். நீளமான குழாய் உள்ள கேஜ் வாங்கி, பானட்டின் ஓரமாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் உள்ள குழாயை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டுவராதீர்கள். சூடான சைலன்சர் பக்கமோ ஃபேன் பக்கமோ படாமல் கட்டுங்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்று பாருங்கள். முள்ளைப் பார்க்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள்.

தொப்பூர் ஏற்றத்தில் என் தம்பி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். 3, 2.8, 2.2, கடைசியில் 1.4. நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கோளாறைக் கண்ணால் பார்த்தோம்.

பம்ப்பா, கரண்டா?

பம்ப் புதிது. அப்படியானால் அதற்குப் போகிற கரண்ட்? பின் சீட்டுக்கு அடியில் பம்ப் கப்ளர் இருக்கிறது. பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி, அதையும் சூடான வண்டியில், கோளாறு வந்தவுடனே அளந்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப்பில் 10.1. வழியில் 3.8 வோல்ட் தொலைந்திருக்கிறது.

எங்கே தொலைந்தது என்று பார்க்க, மல்டிமீட்டரின் ஒயரைப் பேட்டரி வரை நீட்ட ஐந்து மீட்டர் நீள ஸ்பீக்கர் ஒயர் ஒன்று போதும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். எனக்கு 0.4. பரவாயில்லை. அடுத்து பேட்டரி மைனஸுக்கும் பம்ப் மைனஸுக்கும் நடுவில். 3.4 வோல்ட்! எர்த் பக்கம் 0.2-க்கு மேல் போகவே கூடாது.

டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால், டெயில் லேம்ப் ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, எர்த் போல்ட் பழுப்பு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. உப்புக் காகிதத்தால் தகடு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, புது லக், புது வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.1.

இதே எர்த்தை முன்பே ஒரு எலக்ட்ரீஷியன் சோதித்திருந்தார். மீட்டரை "பீப்" சத்தத்தில் வைத்தார், பீப் வந்தது, நல்லது என்றார். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். பம்ப் இழுப்பது பல ஆம்பியர். அந்தச் சுமையில்தான் துருப்பிடித்த இணைப்பு சூடேறி, இன்னும் மோசமாகி, பம்ப்பைப் பட்டினி போடுகிறது. அதனால் எர்த்தை ஓம்ஸில் அளக்காதீர்கள். சுமை ஓடும்போது வோல்ட்டில் அளங்கள்.

பிரஷர் இறங்காவிட்டால்

இழுவை போகும்போதும் முள் 3-லேயே நின்றால் பெட்ரோலை விட்டுவிடுங்கள். கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் இருந்தால், கோளாறு வந்ததும் நிறுத்தி அதன் மேல் ஈரத்துணி வையுங்கள். ஆறியதும் உயிர் வந்தால் அதுதான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) அடைப்புக்கு, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் வேக்குவம் கேஜ்: 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தினால் முள் நிலையாக நிற்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அடைப்பு. இக்னிஷன் காயிலும் சூட்டில் மட்டும் படுத்துவிடும், ஆகவே ஆறின காயிலைச் சோதித்துப் பயனில்லை.

என்ன கருவி வாங்கலாம்

மின்-மேக்ஸ் (Min/Max, அளந்ததில் மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும்) நினைவு உள்ள மல்டிமீட்டர் வாங்குங்கள். ஒரு நொடி மட்டும் விழுந்து எழும் வோல்ட்டைக்கூட அது பிடித்து வைத்துக்கொள்ளும். மலிவு புளூடூத் ஸ்கேனரை நம்பி இறங்காதீர்கள். இந்தியாவில் ஓபிடி (ஸ்கேனர் பேசும், வண்டியே கோளாறைக் குறித்து வைக்கும் அமைப்பு) கட்டாயமானது 2010 வாக்கில்தான், அதற்கு முந்தைய பல வண்டிகளில் அது பேசவே பேசாது.

பின்சேர்க்கை 1: கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர் ஒருவர் 3 பார் வரவில்லை என்று பயந்து எழுதியிருந்தார். மெக்கானிக்கல் பம்ப்பில் சுமார் 0.2 பார்தான் வரும், அது சரியான அளவுதான். அந்த வண்டிகளில் பெட்ரோல் லைன் சைலன்சர் அருகே போகிறதா என்று பாருங்கள். வெயிலில் லைனுக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 2: புது ஃபில்டர் இரண்டே மாதத்தில் அடைத்துவிட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய டேங்கில் படிந்த பிசினையும் துருவையும் கிளப்பிவிடும், பழைய ரப்பர் குழாய்களையும் ஊற வைத்துக் கெடுக்கும். ஃபில்டரை மாற்றும்போது பழையதை வெள்ளைத் துணியில் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பழுப்புப் பொடி கொட்டினால் டேங்கை இறக்கிக் கழுவியாக வேண்டும், கறுப்புத் துகள் என்றால் குழாய்களை மாற்றுங்கள்.