திருச்சியில் இறங்கி, கிழக்கே திரும்புங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகும் நம் ஆட்களின் திட்டம் ஏறக்குறைய ஒரே அச்சுத்தான். திருச்சியில் இறங்குவது, குலதெய்வத்துக்குப் பொங்கல், ஒரு கல்யாணம், நகைக்கடை, பிள்ளைகள் பேருக்கு ஒரு நாள் தஞ்சைப் பெரிய கோயில். நானும் பல வருஷம் அப்படியே போய்வந்தவன். ஒரு டிசம்பரில் என் மகள் சித்தப்பாவிடம், "கொள்ளுத்தாத்தா எங்கேயிருந்து கப்பல் ஏறினாங்க?" என்று கேட்டாள். "நாகப்பட்டினத்துல, வேற எங்க?" என்றார். மறுநாள் காலை கார் பிடித்தோம். அந்த மூன்று நாள் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை சிங்கப்பூரிலேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கடப்பிதழ், அடையாள அட்டை, கப்பல் சீட்டு, ஊர்க் கடிதம் எது கிடைத்தாலும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரைவிட ஊர்ப் பெயரும் அஞ்சல் ஊரும்தான் அங்கே உதவும். அப்புறம் தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு ஒரு நடை. 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா அங்கே நிற்கிறது. இன்று கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது, அன்று அந்தத் தெருதான் கடற்கரை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைக் கட்ட வந்த கைவினைஞர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்தவர்கள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் அங்கே பார்ப்பது வேறு மாதிரி தெரியும்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 140 கிலோமீட்டர். கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தஞ்சையில் நின்றால், கோபுரத்தின் முன் செல்ஃபி எடுத்த கையோடு ராஜேந்திர சோழனின் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள். 1025 வாக்கில் அவன் படை கடல் கடந்து தாக்கிய ஊர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், கடாரம், நக்கவாரம் என்று வரிசையாக வரும். கடாரம் என்றால் இன்றைய கெடா. பள்ளி விடுமுறையில் பினாங்குக்குக் காரில் போகும்போது நாம் எட்டிப் பார்க்கும் அதே பக்கம்.

சோழன் கடல் தாண்டிப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். எதிர்த்திசையில் வந்த கதைதான் பலருக்குத் தெரியாது. அதற்கு நாகப்பட்டினம் போக வேண்டும்.

அந்தப் படையெடுப்புக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னால், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் முடித்தான். ராஜராஜன், தான் பெரிய சிவபக்தனாக இருந்தும், பக்கத்து ஆனைமங்கலம் ஊரின் வருமானத்தை அந்த விகாரத்துக்கு எழுதிக்கொடுத்தான். எழுதிய செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் அதற்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர். மொத்தம் 21 ஏடு. தமிழ்ப் பகுதி அந்த அரசனைக் 'கிடாரத்தரையன்' என்கிறது. அப்பா கொடுத்த தானத்தைச் செப்பேட்டில் பொறிக்க வைத்தவன் ராஜேந்திரன். பிறகு அதே கடாரத்தின் மேல் கப்பற்படையை அனுப்பியதும் அவன்தான். ஏன் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வணிகத் தகராறு என்பது பலரின் கணிப்பு, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

விகாரத்தைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், அது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை செங்கல் கோபுரம் ஒன்று மிச்சம் நின்றது. ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். 1867இல் அதையும் இடித்தார்கள். ஆனால் 1856 தொடங்கி ஊரில் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350. பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள்.

துறைமுகப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். நம் தாத்தாக்கள் ஏறிய ரஜூலா கப்பலும் பின்னால் வந்த எம்.வி. சிதம்பரமும் இங்கே தொட்டுவிட்டுத்தான் போயின. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது, அதன்பின் அது பயணிகளை ஏற்றவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். கடலைக் கையால் காட்டி, "கப்பல் கரைக்கு வராது தம்பி, தள்ளி நிக்கும். படகுலதான் கூட்டிட்டுப் போவாங்க. பாதிப் பேரு அங்கயே வாந்தி" என்றார்.

நாகூர் அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம். தர்காவின் ஐந்து மனோராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங். ஆண்டு விழாவான கந்தூரி நாட்களில் கூட்டம் தாங்காது. கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டுமென்றால் தேதியை முன்பே விசாரித்து அறையைப் பதிவு செய்துவிடுங்கள். தலையை மூட ஒரு துணி கையில் இருக்கட்டும்.

இன்னும் வடக்கே போனால் காரைக்கால், பிறகு தரங்கம்பாடி. ஒரு மணி நேரத் தூரத்துக்குள் டச்சுக்காரர்கள் ஆண்ட நாகப்பட்டினம், 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்கால், 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வைத்திருந்த தரங்கம்பாடி மூன்றையும் தாண்டிவிடலாம். வாடகைக் காரென்றால் காரைக்காலுக்குப் புதுச்சேரி பெர்மிட் யார் பொறுப்பு என்று கிளம்புமுன் பேசிக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியில் எல்லோரும் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் அலை பாதியைத் தின்ற மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில் அது. ஊருக்குச் சடங்கன்பாடி என்ற பழைய பெயரும் கல்வெட்டில் இருக்கிறது.

உங்கள் சொந்த ஊர் இந்தக் கரையில் இல்லையா? சரி, அங்கேயும் இதே வேலைதான். ஊர்ச் சிவன் கோயிலில் கருவறையின் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் வரி கண்ணில் படலாம். காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும், படமும் நன்றாக வரும். சுண்ணாம்பு, மாவு எதுவும் பூசாதீர்கள். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தியிருக்கும்.

இன்னும் சில: நம் நவம்பர், டிசம்பர் விடுமுறையில்தான் அந்தக் கரையில் புயலும் மழையும். நாங்கள் ஒரு முழு நாள் விடுதி அறையில் கேரம் ஆடினோம். ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்லது. இ-விசாவை இந்திய அரசின் தளத்திலேயே எடுங்கள், அதேபோல் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் ஏராளம். உறவினர் ஆசையாகக் கொடுக்கும் நூறு வருஷத்துப் பழைய விளக்கையோ சிலையையோ பெட்டியில் வைக்காதீர்கள். தொல்பொருள் சட்டப்படி அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

நாகூரில் மாலை வரை இருந்தால் தெருவோரத்தில் இறால் பதித்த வாடா போடுவார்கள். கெய்லாங் சிராயில் விற்கும் இறால் வடையை நினைத்துக்கொண்டு கடித்த என் மகள், "அப்பா, இது நம்ம வடை மாதிரியே இருக்கே" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் நாலு வாங்கினேன்.